பின்வரிசையில் தங்கவயல்

கேள்வி: சிறிய கட்சியின் எம்.எல்.ஏ. பின்வரிசையில் உட்கார்ந்து என்ன சாதிக்க முடியும்?

பதில்: கோலார் தங்கவயல் 1983, 1989, 1999 தேர்தல்களில் அ.தி.மு.க.வின் பக்தவத்சலத்தையும், 1994, 2004 தேர்தல்களில் இந்தியக் குடியரசுக் கட்சியின் ராஜேந்திரனையும் கர்நாடகப் பேரவைக்கு அனுப்பியது. 224 பேர் கொண்ட அவையில் இத்தகைய உறுப்பினரின் வாக்கு ஆட்சியைக் கவிழ்க்காது. ஆனாலும் அவர் கேட்கும் கேள்வி அமைச்சரைப் பதில் சொல்ல எழுப்பும். கேள்வி நேரத்தில் முறை வந்த நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் தரவேண்டும்; துணைக்கேள்வியும் உண்டு. கன்னடம், இந்தி, ஆங்கிலம் சரளமாக வராதவர், பேரவைத் தலைவர் அனுமதித்தால் தமிழிலேயே பேச அரசியல் சட்டத்தின் 210ஆவது பிரிவு இடம் தருகிறது. அருமையான ஏற்பாடு! ஆனால் தங்கவயலின் தங்கச் சுரங்கம் மத்திய அரசு நிறுவனத்துடையது. அதைப் பற்றி மாநிலப் பேரவை தீர்மானம் போட்டுக் கேட்கலாம், ஆணையிட முடியாது. கடைசியில் அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது.