அட்டை போடும் அப்பா

சித்திரை 21-ஆம் தேதி பிறக்கும் அக்னி நட்சத்திரம் வைகாசி 14-ஆம் தேதி வாக்கில் விடைபெறும்போது, அதனோடு சேர்ந்து விடைபெறும் வஸ்துக்கள் பல உண்டு: கொல்லை மாமரத்தின் கடைசிக் காய்கள், பாட்டி கொடுத்தனுப்பிய முறுக்கு டின்னின் அடித்தூள், கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருந்த அத்தை பிள்ளைகள், அவர்கள் தொலைத்துவிட்டுப் போன கூஜாவின் மூடி. இவையெல்லாம் மறைகிற அதே முகூர்த்தத்தில், ஆண்டு முழுவதும் தினசரிப் பத்திரிகைக்குப் பின்னால் மறைந்திருந்த ஒரு மகாபுருஷர் பிரசன்னமாகிறார். அவர்தாம் அட்டை போடும் அப்பா.

மற்ற நாட்களில் குடும்ப விவகாரங்களில் அவரைக் காண்பது அரிது. ‘பையன் எந்த வகுப்புப் படிக்கிறான்?’ என்று எவரேனும் திடீரென்று கேட்டுவிட்டால், சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்த பிறகே பதில் சொல்லுவார். மாவடுவை உப்பில் போட்டுக் குலுக்குவது, இரண்டு மாதம் கண்டதையும் தின்ற பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டுவது, போன வருஷத்துக் காக்கி நிஜாரின் மடிப்பைப் பிரித்து இரண்டு அங்குலம் இறக்கித் தைப்பது, ‘நாளைக்கு நிச்சயம்’ என்று தினந்தோறும் சத்தியம் செய்யும் தையற்காரரிடம் நடையாய் நடப்பது ஆகிய சில்லறைக் காரியங்களையெல்லாம் இல்லாளின் பொறுப்பில் தாராளமாக விட்டுவிட்டவர் அவர். ஆனால் பழுப்புத் தாளில் மட்டும் பிறர் கைபடச் சம்மதியார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு மூன்று நாள் இருக்கையில், கூடத்தின் நடுவே கோரைப் பாயை விரித்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வேஷ்டியை வரிந்து கட்டிக்கொண்டு அவர் அமர்கிற தோரணையைப் பார்த்தால், யாகம் வளர்க்க வந்தவரோ என்றே அயலார் சந்தேகிப்பார்கள். தாளின் வழவழப்பான பக்கம் வெளியே இருக்கவேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். சொரசொரப்புப் பக்கம் வெளியே இருந்தால் அழுக்குத் தெரியாது என்று வாதிடும் அண்டை வீட்டுக்காரரோடு இதன் பொருட்டு அவர் நான்கு வருஷமாக அவ்வளவாகப் பேசுவதில்லை. பழைய செய்தித்தாளில் அட்டை போடுவோரை அவர் மன்னிப்பதே கிடையாது. பரீட்சைக்குப் படிக்கவேண்டிய பையன் சினிமா விளம்பரத்தைப் படித்துக் கெட்டுப் போவதற்கு அதுவே மூலகாரணம் என்பார்.

அவர் அட்டை போடுகிறார் என்றால், வீட்டில் மற்றவர்கள் ஓட்டம் போடுகிறார்கள் என்று அர்த்தம். “டேய், கத்தரிக்கோல் எங்கே?” என்பார், அது அவர் தொடைக்கடியில் இருக்கும். “அம்மாடி, இந்த முனையை அசையாமல் பிடி” என்று பெண்ணை நிறுத்திவிட்டு, நாற்பது பக்க நோட்டு எத்தனை, எண்பது பக்க நோட்டு எத்தனை, நாலு வரி நோட்டுக்குத் தாளை எந்த வாட்டத்தில் வெட்டினால் அரை அங்குலம் மிச்சமாகும் என்று மனக்கணக்குப் போடுவார். குழந்தையின் கை மரத்துப்போகும்வரை கணக்கு முடியாது. இடையிடையே, போன வருஷத்து நோட்டுகளில் எழுதாமல் விட்ட தாள்களைக் கிழித்தெடுத்து, கோணூசியும் சணல் நூலும் கொண்டு தைத்து ஒரு ரஃப் நோட்டு சிருஷ்டிப்பார். அதன் ஒரு தாளில் வரி இருக்கும், மறு தாளில் கட்டம் இருக்கும், மூன்றாவதில் இரண்டுமிராது. ஆயினும் அவர் முகத்தில் அப்போது தோன்றும் திருப்தி பிரம்மதேவனுக்கே வாய்த்திராது.

எல்லாவற்றிலும் பெரிய கிரியை பசை காய்ச்சுவது. கத்திரி வெயில் கழிவதற்குள் கடைசி ஈடு வடாம் பிழிந்துவிட வேண்டும் என்று அம்மாள் ஒரு பக்கம் கூழ் கிளறிக்கொண்டிருக்க, அடுத்த அடுப்பில் ஓர் ஓட்டை டின்னில் மைதா மாவைக் கரைத்து, கரப்பான் அரிக்காமலிருக்க மயில்துத்தமும் சேர்த்து, ஐயா கிண்டத் தொடங்குவார். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாதிருப்பதே வடாக் கூழ் வெந்ததற்கு இலட்சணம். தொட்டால் விடாதிருப்பதே பசைக்கு இலட்சணம்.

“என்னங்க, மாவு வெள்ளையாவே இருக்குதே. கண்ணாடியா வரணும், இன்னும் கொஞ்சம் வேகட்டும்.”

“பதினைந்து வருஷமாகப் பசை காய்ச்சுகிறேன். எனக்கா சொல்கிறாய்?”

அந்தக் கேள்வியோடு டின் கீழே இறங்கிவிட்டது. பன்னிரண்டு புத்தகங்களுக்குப் பன்னிரண்டு லேபிள்கள், முத்துமுத்தான கையெழுத்தில் பெயர், வகுப்பு, பிரிவு, பாடம் எழுதப்பெற்று ஒட்டப்பட்டன. தாள் சற்று மிஞ்சிற்று. மிஞ்சிய தாளைச் சும்மா விடுவது அவர் ஜாதகத்திலேயே இல்லை. பஞ்சாங்கம், பால் கணக்கு நோட்டு, ரேஷன் கார்டு ஆகியவை அட்டைக்குள் புகுந்தன. கடைசியாக, மீனாட்சி அம்மாள் எழுதி 1951-இல் வெளிவந்ததும், அம்மாள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்ததுமான ‘சமைத்துப் பார்’ புத்தகமும், எண்ணெய்க் கறையும் மஞ்சள் கறையும் மறைந்து, பழுப்பாடை தரித்து மாணவர் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. அதற்கு லேபிள் ஒட்டவில்லை; வீட்டுப் புத்தகத்துக்கு லேபிள் வீண்செலவு அல்லவா?

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில், வேகாத பசை காய்ந்து உதிர, பன்னிரண்டு லேபிள்களும் இலையுதிர்காலத்துச் சருகுகள்போல் பாயில் கிடந்தன. மணியாகிவிட்ட அவசரத்தில் பையன் உயரமும் பருமனும் பார்த்து ஒன்றை உருவிக்கொண்டு ஓடினான். பதினோரு மணிக்கு, விருந்தாளிக்காகக் கூட்டுக்கு அளவு பார்க்கப் புத்தகத்தைப் பிரித்த அம்மாளுக்கு அக்பர் சக்கரவர்த்தியின் நிலவரி ஏற்பாடு காட்சியளித்தது. அங்கே சரித்திர ஆசிரியர், பையன் நீட்டிய புத்தகத்தை வாங்கிப் பார்த்து, புருவத்தை உயர்த்தி, பின்பு சற்று ஊன்றிப் படித்து, பக்கத்தின் மூலையை மடித்து, சாயங்காலம் வரை தம் மேஜை மேலேயே வைத்துக்கொண்டாராம்.

மாலையில் வழக்கு விசாரணைக்கு வந்தது. இரு தரப்பு வாக்குமூலத்தையும் மௌனமாகக் கேட்ட அப்பா, ‘சமைத்துப் பா’ரைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“லேபிள் கிடக்கட்டும். இவ்வளவு தூரம் போய் வந்திருக்கிறது, ஒரு மூலையாவது பிரிந்திருக்கிறதா, பார்!” என்றார்.

பிறகு பத்திரிகையை விரித்துக்கொண்டார். அடுத்த வைகாசி வரை அவரைத் தொந்தரவு செய்வதற்கில்லை.