கம்பளி போத்துன மெழுகுதிரி

வாடா ராசா, இஸ்தோப்புல இப்பிடி ஒக்காரு. போன என் மூஞ்சிக்கு நீட்டாத, எழுத்து புடிபடாது. மெழுகுதிரி செய்ய நீ வாங்கப் போற சாமான் பட்டியல நீயே வாசி, கேக்குறேன்.

மெழுகு உருக்க மின்சார அண்டா. ஊத்துறதுக்கு மூக்கு வெச்ச குவளை. திரிய நடுவுல நிறுத்த ஒரு கருவி. மேல்பக்கம் வழவழன்னு வர, சூடா காத்து ஊதுற துப்பாக்கி. அப்புறம்? பதினாலு சாமானா! தேயிலையக் கவ்வாத்து வெட்ட மலைக்கு நாப்பது வருசம் போனவன்டா நான். ஒரு கத்தி, ஒரு தீட்டுக்கல்லு, அவ்வளவுதான். மெழுகுதிரி ஒண்ணாவது ஊத்திப் பாத்தியா? இல்லியா? பொண்ணு பாக்கப் போகும் முன்னால தொட்டிலுக்கு அட்வான்ஸ் குடுத்தவன் நீதான்.

ஒனக்கு இந்த ஆச எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். 2022ல நாடே இருட்டாக் கெடந்துச்சே, மார்ச் மாசக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட வெட்டுனானே, அப்ப மெழுகுதிரிக்கு வந்த மவுசப் பாத்து வந்தது. எங்களுக்கு அது புதுசா? குப்பி லாம்புல பொறந்து, குப்பி லாம்புல படிச்சு, அதுலயே கல்யாணமும் முடிச்சவங்க நாங்க. மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிக்கணும்னு மெழுகுதிரிக்கு மாறுனீங்களே, அந்த மெழுகும் கச்சா எண்ணெயச் சுத்தம் பண்றப்ப மிஞ்சுறதுதான், அதுவும் கப்பல்லதான் வரணும்னு யோசிச்சீங்களா?

சரி, யாருக்கு விக்கப் போற? அதச் சொல்லு மொதல்ல. அந்தோனியார் கோயில்ல ஏத்துறவனுக்கு ஒல்லித் திரி போதும். வெசாக் கூட்டுக்குள்ள வெக்கிறவனுக்குக் கட்டைத் திரி வேணும். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவுக்கு வர்ற கொழும்புக்காரனுக்குக் கண்ணாடி கிளாசுல வாசம் வரணும். ஒல்லித் திரின்னா ரெண்டு பக்கமும் தெறக்குற அலுமினிய அச்சு வாங்கு. நூலச் சுத்தி, மூடி, ஊத்தி, தண்ணித் தொட்டியில முக்கி எடுக்கலாம். கிளாசுன்னா அச்சே வேணாம், கிளாசுதான் அச்சு. ரெண்டுக்கும் சேத்து சாமான் வாங்குறவன் கொழுந்துக் கூடையையும் மண்வெட்டியையும் ஒண்ணா முதுகுல மாட்டிக்கிட்டு மலைக்குப் போறவன்.

அச்சுன்னதும் ஞாபகம் வருது, பப்பாசி எலைக் காம்பு உள்ள பொத்தலா இருக்குமே, அதுல ஊத்தி நாங்க சின்னதுல மெழுகுதிரி செஞ்சிருக்கோம், கண்டிப்பக்கம் மாமா வீட்டுல. இந்தக் குளிருக்குப் பப்பாசி எங்க வளரும்! இருந்தாலும் தெரிஞ்சு வெச்சுக்க.

இப்ப அந்த மின்சார அண்டாவுக்கு வருவோம். அது எதுக்கு? சூடு மிஞ்சக் கூடாதுன்னா? பெரிய சட்டியில தண்ணி வெச்சு, அதுக்குள்ள மெழுகுச் சட்டிய எறக்கு. நம்ம நுவரெலியா 6,000 அடிக்கு மேல இருக்கில்ல, இங்க தண்ணி 100 பாகை வரைக்கும் போகாதுடா, 94லயே கொதிச்சிடும். சட்டியில தண்ணி இருக்குற வரைக்கும் மெழுகு அதத் தாண்டாது. மெழுகு உருகுறதுக்கு 60 பக்கம் போதும். மலையே ஒனக்கு ஓசியில சூட்ட மட்டுப்படுத்தித் தருது, நீ ஆயிரக்கணக்குல காசு குடுத்து வாங்குறேங்குற!

ஆனா ஒண்ணு. தண்ணி கொதிச்சா குமிழி விட்டுச் சொல்லும். மெழுகு சொல்லாது. நேரா அடுப்புல வெச்சேன்னா கம்முனு இருந்து, பொகைய விட்டு, 200 பாகைய நெருங்கும்போது குப்புன்னு புடிச்சிரும். அப்ப பதறிப் போய் தண்ணிய ஊத்துனியோ, கூரை வரைக்கும் நெருப்பு எழும்பும். லயத்துல ஒரு காம்பரா பத்துனா மத்ததெல்லாம் என்னாகும்? வரிசையா எரிஞ்சு, புள்ளைங்க புத்தகம் வரைக்கும் சாம்பலாப் போன லயத்தப் பாத்தவன் நான். அதனால ஒன் பட்டியல்ல மொதச் சாமான் எது தெரியுமா? சட்டிக்கு அளவான இறுக்கமான ஒரு மூடி. பக்கத்துல ஒரு வாளி மணல். ஒன் பதினாலுல அது ரெண்டும் இருக்கா? இல்ல. துப்பாக்கி மட்டும் இருக்கு.

காசு போட வேண்டிய எடமும் இருக்குடா, நான் கஞ்சன் இல்ல. ஒண்ணு, சூடு பாக்குற கண்ணாடிக் குழாய். தேயிலை ஸ்டோர்ல டிரையர் பக்கத்துல அதப் பாக்காம டீமேக்கர் நகருவாரா? அச்சுல ஊத்துறதுன்னா 80 பக்கம் இருக்கணும், சோயா மெழுகுன்னா அதவிடக் கம்மி. கையால தொட்டுப் பாத்து ஊத்த இது சாயத்தண்ணியா?

இன்னொண்ணு தராசு. ஒங்க அப்பாயி கொழுந்து நிறுக்குற மடுவத்துல தராசு முன்னால நின்னவ. சாக்குக்குக் கழிச்சு, ஈரத்துக்குக் கழிச்சு, எழுதுனவன் மனசுக்குக் கழிச்சு, மிச்சத்துக்குச் சம்பளம் வாங்குனவ. அவ பேரன் நீ, கரண்டியால அளப்பேங்குற! ஒரு கிலோ மெழுகுக்கு வாசனை எண்ணெய் 60 கிராம்னா 60 கிராம்தான். கூடப் போச்சுன்னா எண்ணெய் வேர்வையா மேல நிக்கும், திரியும் அடைச்சுக்கும். கிராம் கணக்குல நிறுக்குற சின்னத் தராசு வாங்கு.

மத்ததெல்லாம் வீட்டுலயே இருக்கு. திரிய நடுவுல நிறுத்துற கருவிக்கு விளக்குமாத்துல ரெண்டு ஈர்க்கு உருவிக்க. ஊத்துற குவளைக்குப் பால்மா டின்ன வாய்ப்பக்கம் நெளிச்சா மூக்கு. கிளாச மட்டும் பாத்து எடு. நீட்டமா, ஒல்லியா, ஸ்டைலா வேணாம். குப்பி லாம்பு சாஞ்சு எத்தன பேரு வெந்தாங்க! அதப் பாத்துச் சகிக்காம விஜய கொடகும்புரன்னு ஒரு சத்திரசிகிச்சை டாக்குத்தரு, மார்மைட் போத்தலப் பாத்து ஒரு லாம்பு செஞ்சாரு. குட்டை, கனம், ரெண்டு பக்கம் தட்டை, திருகு மூடி. சாஞ்சாலும் உருளாது, எண்ணெயும் ஓடாது. 1998ல ரோலெக்ஸ் விருது குடுத்தாங்க அதுக்கு. கடிகாரக் கம்பெனிக்கே புடிச்சுப் போச்சு, ஒனக்குப் புடிக்கலியா?

கிளாசு இங்க ஐஸ் மாதிரி இருக்கும், ஊத்துற முன்னால கொஞ்சம் சூடு காட்டிக்க. ஊத்துன பொறகு இந்தக் குளிர் காத்துல வெச்சிராத. சட்டுனு இறுகி வெடிக்கும், கிளாசுல ஒட்டாம திட்டுத் திட்டாத் தெரியும். பொட்டியில வெச்சு, நம்ம பழைய கம்பளிய எடுத்துப் போத்து. மழைக்கு எங்கள மூடுன கம்பளி மெழுகுதிரிய மூடாதா? ஆறும்போது மெழுகு சுருங்கி, திரியச் சுத்திக் குழி விழும். பயந்துக்காத, கொஞ்சம் மிச்சம் வெச்சிருந்து ரெண்டாந்தரம் ஊத்து.

அதென்ன, தேங்காய் மெழுகா? வெளிநாட்டுலேருந்தா? அடப் பாவி, சிரிப்பாணி தாங்கலடா! நம்ம பள்ளிக்கூட மாஸ்டர் ஒரு கதை சொல்லுவாரு. 1840ல விக்டோரியா ராணிக்குக் கல்யாணம். ஜன்னலுக்கு ஜன்னல் ஏத்தட்டும்னு லண்டன்ல பிரைஸ் கம்பெனி புதுசா மலிவா ஒரு மெழுகுதிரி விட்டுச்சு. மாட்டுக் கொழுப்போட எதச் சேத்தான் தெரியுமா? தேங்காயெண்ணெய. அதுக்காக நம்ம நாட்டுலயே தென்னந்தோட்டம் வாங்கிப் போட்ட கம்பெனி அது. அப்ப தேயிலைத் தோட்டம் கூட இங்க இல்ல, கோப்பிக் காலம். அன்னிக்குத் தேங்காய இங்கேருந்து ஏத்துனான். இன்னிக்கு நீ அங்கேருந்து எறக்குற. நடுவுல கப்பல்காரன் மட்டும் நல்லா இருக்கான்.

திரியப் பத்தி ஒரு வார்த்த கூட வாசிக்கலியே? பட்டியல்ல கடைசியா? நெனச்சேன். மெழுகுதிரியில திரிதான்டா எசமான், மெழுகு கூலிக்காரன். சாமி வெளக்குக்குத் திரிக்கிற பஞ்சுத் திரி இதுக்கு ஆகாது. கரி புடிச்சு, அடிக்கடி நுனியக் கத்தரிக்கணும். பின்னல் நூல் வாங்கு. எரிய எரிய நுனி வளைஞ்சு நெருப்புக்குள்ளயே போய்த் தானே சாம்பலாயிரும். 1825ல பிரான்சுல ஒருத்தன் கண்டுபுடிச்சான், அதுக்கு முன்னால பங்களாவுல கத்தரிக்கோலோட ஒருத்தன் நின்னுக்கிட்டே இருக்கணும். தடிப்பு கூடுனா பொகையும். கொறஞ்சா நடுவுல குழி தோண்டிக்கிட்டு எறங்கி, தன் மெழுகுலயே முங்கிச் சாகும்.

எந்தத் தடிப்பு சரின்னு என்னைக் கேக்காத, போனையும் கேக்காத. மூணு தடிப்புல மூணு ஊத்தி வெச்சியே, போன கெழம, அப்பாயிகிட்ட மெழுகு கடன் வாங்கி? தெரியாதுன்னு நெனச்சியா? மெழுகுதிரி ஊத்திப் பாத்தியான்னு கேட்டதுக்கு முழிச்சியே, அப்பவே தெரியும். எடுத்துக்கிட்டு வா, பொழுது சாயுது. மூணையும் ஏத்து. அப்பாயி சாயத்தண்ணி ஊத்துறா, சீனியக் கடிச்சுக்கிட்டுக் குடிப்போம். எது பொகையுதுன்னு நீ சொல்லாத, நான் மூக்காலயே சொல்றேன்.