லேப்டாப் பையும் மயிலத்து மழையும்

விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் நிற்கும்போது, லேப்டாப் பையை சீட்டில் வைத்துவிட்டு டீ குடிக்க இறங்கலாமா?
– கல்லூரி மாணவர், திண்டிவனம்

இறங்கலாம், பையோடு. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கம் தண்டவாளம் பிரிகிற ஊர் அது. பை எந்தப் பக்கம் போயிற்று என்று யாரைக் கேட்பீர்கள்? ‘கொஞ்சம் பாத்துக்குங்க சார்’ என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்குவது நம் வழக்கம். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார், பையை எடுத்துப் போகிறவன் உங்கள் தம்பி என்று நினைத்து.

பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன். திருடினாலும் திறக்க முடியாதே?
– கடைக்காரர், விக்கிரவாண்டி

திறக்க வேண்டியதில்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் போதும், உங்கள் ஜி.எஸ்.டி. கணக்கு முழுக்கத் தெரியும். டிஸ்க்கையே பூட்ட வேண்டும்: விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன், மேக்கில் ஃபைல்வால்ட். பிட்லாக்கர் தரும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். தயவுசெய்து அந்தத் தாளை லேப்டாப் பையில் வைக்காதீர்கள்.

ஆய்வேட்டை பென்டிரைவில் காப்பி எடுத்திருக்கிறேன். பென்டிரைவ் பையின் முன் ஜிப்பில். போதும்தானே?
– ஆய்வு மாணவி, விழுப்புரம்

திருடனுக்குப் போதும். அவனும் ஒரு காப்பி வைத்துக்கொள்வான்.

சரி, பென்டிரைவை வீட்டு பீரோவுக்கு மாற்றிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறிய பிறகும் நகர மனமில்லாமல் நின்று பெய்தது. ஒரே நாளில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை. பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. வெள்ளம் புகுந்த வீட்டில் மேஜை மேல் லேப்டாப், பீரோ கீழ்த்தட்டில் பென்டிரைவ் என்று பிரித்தா பார்க்கும்? நம் மாவட்டத்தில் திருடனைவிட மழைக்குத்தான் கை நீளம்.

அதனால் காப்பி வேறு ஊரில் இருக்க வேண்டும். மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு. கூகுள் டிரைவ் 15 ஜி.பி. இலவசம், ஆய்வேட்டுக்குத் தாராளம், கல்யாண வீடியோவுக்குக் காணாது. வீடியோவை ஹார்டு டிஸ்க்கில் போட்டு சேலத்து அக்கா வீட்டில் கொடுங்கள். இன்னொன்று: டிரைவோடு தானாகச் சேரும் ஃபோல்டரில் தவறுதலாக அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அவ்வளவுதான். மாதம் ஒருமுறை காப்பியைத் திறந்தும் பாருங்கள்.

திருட்டுப் போய்விட்டது. முதலில் என்ன செய்ய?
– பெயர் வேண்டாம், திண்டிவனம்

செல்போனில் மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். பிறகு போலீஸ். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஓடும் ரயில் என்றால் 139. சீரியல் நம்பர் கேட்பார்கள். அது லேப்டாப்பின் அடியில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். பில்லில் பாருங்கள்.

அழியவே அழியாத, யாராலும் தூக்கிப்போக முடியாத காப்பி உண்டா?
– ஆசிரியர், செஞ்சி

பக்கத்திலேயே இருக்கிறது. மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் குடைந்து, அதைக் கல்லிலேயே வெட்டியும் வைத்தான். 1,400 ஆண்டு ஆகிறது. பாஸ்வேர்டு கிடையாது, ஒருவரும் தூக்கிப்போகவில்லை. திருத்தம் மட்டும் செய்ய முடியாது. முதல் வரைவையே ஒப்புக்கொள்ளும் கைடு கிடைத்தவர்கள் உளி வாங்கலாம்.