ஈர்ப்பு மகாராஜாவின் எல்லைத் தகராறு

பேரண்டத்தின் சரித்திரம் எழுதியவர்கள் எல்லாரும் ஈர்ப்பு விசைக்கே கூஜா தூக்கினார்கள். காரணம் இல்லாமல் இல்லை. அண்டத்துக்கு 3,80,000 வயதானபோது அது லட்சத்தில் ஒரு பங்கு ஏற்றத்தாழ்வு மட்டுமே கொண்ட சூட்டுக் குழம்பு. அதில் கொஞ்சம் அடர்த்தியான இடமாகப் பார்த்துச் சிம்மாசனம் போட்டார் மகாராஜா. கண்ணுக்கே தெரியாத கரும்பொருள் பட்டாளம் கூட நின்றது. முதலில் விண்மீன், பிறகு கேலக்ஸி, பிறகு கேலக்ஸிக் கொத்து என்று வளைத்துப் போட்டார். அண்டம் முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆளும் ஆசை.

சபையின் மூலையில் கரும் ஆற்றல் சும்மா உட்கார்ந்திருந்தது. சண்டையில்லை, சத்தமில்லை. வெளி எவ்வளவு விரிந்தாலும் தன் அடர்த்தி குறையாது என்பது மட்டுமே அதன் சாமர்த்தியம். பொருளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை; விரிய விரிய நீர்த்துப்போனது. ஏறக்குறைய 600 கோடி வருடங்களுக்கு முன் கணக்கு புரண்டது, விரிவு வேகமெடுத்தது. சூரியன் பிறக்கும் முன்பே ஆட்சி மாறிவிட்டது. நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

புது ஆட்சி பிடித்ததைப் பிடுங்கவில்லை. “வைத்திருப்பதை வைத்துக்கொள், இனிமேல் ஆக்கிரமிக்காதே” என்று எல்லைக்கல் நட்டது. ஆயிரம் லட்சம் கோடி சூரியன்களின் நிறை கொண்ட பெருங்கொத்துக்கு எல்லை, மையத்திலிருந்து சுமார் 3.6 கோடி ஒளியாண்டு. அதைத் தாண்டியதை நிரந்தரமாகக் கட்டிவைக்க முடியாது. நிறையை எட்டு மடங்காக்கினாலும் கல் இரண்டு மடங்கு தூரம்தான் நகரும்.

பூலோகத்தில் இந்தக் கரும் ஆற்றல் ஆசாமியை லாம்டா என்ற பெயரில் கூப்பிட்டவர் ஐன்ஸ்டைன். ஈர்ப்பு எல்லாவற்றையும் இழுத்துச் சுருட்டாமல் அண்டம் அசையாது நிற்கட்டும் என்று, 1917இல் லாம்டா என்ற மாறிலியைத் தன் ஈர்ப்புச் சமன்பாட்டில் காவலுக்குப் போட்டார். கேலக்ஸிகள் விலகி ஓடுவதை 1929இல் ஹபிள் காட்டியதும், 1931இல் காவல்காரருக்குக் கல்தா. லாம்டா மிகப் பெரிதாக இருந்திருந்தால் ஒரு கேலக்ஸிகூடத் திரண்டிருக்காது என்று 1987இல் ஸ்டீவன் வைன்பெர்க் கணக்குப் போட்டார். 1998இல், விரிவு எவ்வளவு தளர்கிறது என்று சூப்பர்நோவாக்களை வைத்து அளக்கப் போன இரண்டு குழுக்கள், அது வேகமெடுப்பதைக் கண்டு விழித்தன. 2011இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு. லாம்டாவுக்கு ஒரு சால்வைகூட இல்லை.

மகாராஜாவின் விசுவாசிகள் அசருவார்களா? 2014இல் 52 கோடி ஒளியாண்டு அகலத்துக்கு, பால்வீதி உட்பட ஒரு லட்சம் கேலக்ஸிகளை வளைத்து வரைந்து, ‘லானியாகேயா’ என்று ஹவாய் மொழியில் பெயரும் வைத்தார்கள். வரைபடம் பிரமாதம், பட்டாதான் செல்லாது. அதற்குள் இருக்கும் விர்கோ கொத்து நம்மை இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் இடையிலுள்ள வெளி அதைவிட வேகமாக விரிகிறது. லானியாகேயாவே ஒருநாள் சிதறிவிடும்.

நம் பக்கத்தில் எல்லைக்கல்லுக்கு உள்ளே மிஞ்சும் பெரிய சமஸ்தானம், 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஆண்ட்ரோமெடா ஒன்றுதான். அது வினாடிக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. மகாராஜா இனி அதனோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.