வாழைச்சேனையில் ஒரு பனாமாக்காரன்

பீபாவில் 211 நாடுகள். 2018இல் அந்த வரிசையில் இலங்கை ஏறக்குறைய இருநூறாம் இடத்தில் இருந்தது. ஆகவே உலகக் கிண்ணக் காலத்தில் நிம்மதியாகத் தூங்க இதைவிடப் பாதுகாப்பான நாடு கிடையாது என்று எவரும் நினைப்பார்கள். வெள்ளவத்தையில் என் மேல்மாடிப் பொடியன்கள் அப்படி நினைக்கவில்லை. கிண்ணம் தொடங்கிய நாளிலிருந்து என் தலைக்கு மேல் நள்ளிரவில் கதிரைகள் இழுபட்டன. ஜூன் மாதக் கடைசி வெள்ளி இரவு கோட்டையில் மட்டக்களப்பு மெயிலில் ஏறிவிட்டேன். வாழைச்சேனையில் நண்பன் வீடு. வாவிக்கரை, இறால் கறி, பாசிக்குடாக் கடல், தூக்கம். திட்டம் அவ்வளவுதான்.

விடிவதற்கு முன் வாழைச்சேனை நிலையத்தில் இறங்கினேன். கச்சான் காற்று அந்த நேரத்திலேயே வெக்கையாக அடித்தது. ஆட்டோக்காரர் பையை வாங்கி வைத்தார். எங்கே போகவேண்டும் என்று கேட்கவில்லை.

"நீங்க எந்த டீம்?"

ஆர்ஜன்டீனா என்றால் இவர் பிரேசிலாக இருக்கலாம். பிரேசில் என்றால் ஆர்ஜன்டீனாவாக இருக்கலாம். யாருக்கும் பகையில்லாத பெயராக யோசித்து "பனாமா" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருதரம் பார்த்தார். பனாமா அப்போதுதான் முதன்முதலாக உலகக் கிண்ணத்துக்கு வந்து, மூன்று போட்டியிலும் தோற்று, 11 கோல் வாங்கி, அதில் ஆறை இங்கிலாந்திடம் மட்டும் வாங்கி ஊர் திரும்பியிருந்தது. பேத்தாழை வரும்வரை அவர் எதுவும் பேசவில்லை. இறங்கும்போது வாடகையில் ஐம்பது ரூபாவைத் திருப்பித் தந்தார்.

காலையில் நான் எழும்புவதற்குள் செய்தி ஊருக்குப் போய்விட்டது. பிளேன்டி கொண்டுவந்த நண்பனின் அம்மாவே "பாவம்கா இந்தத் தம்பி" என்றார்.

அன்று இரவு ஏழரைக்கு பிரான்சும் ஆர்ஜன்டீனாவும். ஒழுங்கையெல்லாம் கொடிகள். வாசலில் கட்டியிருந்த ஆர்ஜன்டீனாக் கொடியைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். வெள்ளை, பள்ளிச் சீருடையில் மிஞ்சிய துணி. நீலம், சாரிக்குள் கட்டும் பாவாடைத் துணி. நாடா போன மடிப்பு ஓரத்தில் அப்படியே இருந்தது. அசல் கொடியின் நடுவிலுள்ள சூரியனுக்கு முகம் உண்டு. இங்கே அதை வரைந்தவர் கோயில் வேலை செய்யும் பெயின்டர். அவருக்குத் தெரிந்த சூரிய பகவானுக்கு மீசை உண்டு. அந்த மீசையோடுதான் ஆர்ஜன்டீனா அன்று கச்சானில் விறைத்து நின்றது. எதிர்வீட்டுப் பிரேசில்காரர்கள் இதைக் குறையாகச் சொல்லலாம். அவர்களுடைய கொடியில் நட்சத்திரங்களுக்குப் பதிலாகக் குங்குமச் சிமிழ் வட்டங்கள் இருந்தன.

பின்னேரம் பாசிக்குடா. அந்தக் கடலில் ஆழத்தைத் தேடித்தான் போகவேண்டும். எவ்வளவு நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு ஏறச் சுணங்கும். முழங்கால் தண்ணீரில் பொடியன்கள் புட்போல் ஆடினார்கள். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால், கடல்பக்கக் கோலைத் தவறவிட்டால் பந்து பர்மாவைப் பார்த்துப் போகும். பிடித்துக்கொண்டு வருவது கோல்கீப்பரின் கடமை. "பனாமா அண்ணன் அங்கால நிக்கட்டும், அவருக்குப் பழக்கம்" என்றான் ஒருவன். நின்றேன். வங்காள விரிகுடாவின் கணிசமான பகுதியை அன்று நான் நடந்து பார்த்தேன்.

இரவு வாசிகசாலை முற்றத்தில் ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, யாருடையதோ போனில் இருந்து இன்டர்நெட். படம் உண்மையான ஆட்டத்துக்கு அரை நிமிடம் பிந்தி வந்தது. இதை முதலில் கண்டுபிடித்தவர் நண்பனின் சித்தப்பா.

சித்தப்பா கடதாசி ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 1956இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. வயல்களிலிருந்து லொறி லொறியாக வைக்கோல் போய்க் கடதாசியாக வந்த காலமெல்லாம் அவர் மெஷின் பக்கத்தில் நின்றிருக்கிறார். மெஷின் சத்தத்தை வைத்தே கடதாசி எப்போது கிழியும் என்று சொல்லிவிடுவாராம். ஆலை முழுமூச்சாய் ஓடிய காலம் போய்விட்டது. காது மட்டும் வேலையில் இருந்தது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. பக்கத்து ஊரான ஓட்டமாவடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கதிரையில் சாய்ந்திருந்தார். அங்கே எல்லாரும் டிஷ் வைத்து உடனுக்குடன் பார்க்கிறார்கள். கத்தினால் காற்று அதை இங்கே கொண்டுவந்து போடும்.

முதலில் பெனல்டியை ஊகித்தபோது தற்செயல் என்றார்கள். டி மரியா நாற்பத்தோராம் நிமிடத்தில் தூரத்திலிருந்து அடித்தாரே, அதற்கும் முன்பே "இது நம்மட" என்று கையைத் தூக்கினார். பிறகுதான் எனக்கு அவருடைய வித்தை விளங்கியது. கூச்சல் வந்தால் மட்டும் போதாது; யார் கூச்சல் என்று பிரிக்கவேண்டும். "ஆர்ஜன்டீனாக்காரன் கத்தினா நெஞ்சில இருந்து வரும் மகன். இது தொண்டையால வருது. பிரேசில்காரனுகள். எங்களுக்கு அடிச்சிட்டான்." அரை நிமிடம் கழித்துத் திரையில் பவார்டின் பந்து வலைக்குள் போனது. ஒவ்வொரு கோலுக்கும் பொடியன்களோடு ஒரு சோடா பந்தயம். எம்பாப்பே என்ற பத்தொன்பது வயதுப் பிள்ளை நாலு நிமிட இடைவெளியில் இரண்டு அடித்தபோது சித்தப்பாவின் காலடியில் போத்தல்கள் வரிசையாக நின்றன. வென்ற சோடாக்களைக் குடிக்காமல் ஆர்ஜன்டீனாவுக்காகத் துக்கம் காத்தார். 4–3.

இந்த ஊர்களில் ஒரு பக்கம் கத்தினால் மறுபக்கம் கதவைப் பூட்டிய வருடங்கள் இருந்தன. இப்போது ஓட்டமாவடியின் ஆர்ஜன்டீனாவும் வாழைச்சேனையின் ஆர்ஜன்டீனாவும் ஒரே பக்கம். எதிரி, சொந்த மச்சான் வீட்டுப் பிரேசில். ஆட்டம் முடிந்ததும் ஓட்டமாவடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் பராட்டாப் பொதியோடு வந்து, "காக்கா, சாப்பிடுங்க, என்ன செய்யிற" என்று சித்தப்பாவின் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். செத்த வீட்டு ஒழுங்கு ஒன்றும் குறையவில்லை.

பதினொன்றரைக்கு உருகுவேயும் போர்த்துக்கலும். கவானி இரண்டு அடித்தார், ரொனால்டோவும் வீட்டுக்கு. மெஸ்ஸியும் ரொனால்டோவும் ஒரே இரவில் போனதால் இரண்டு கோஷ்டிக்கும் சண்டைக்கு விஷயம் இல்லாமல் போயிற்று. ஒன்றரை மணிக்கு அவர்கள் செய்வதறியாமல் 1995இல் கொழும்பில் இலங்கை இந்தியாவை வென்று தெற்காசியத் தங்கக் கிண்ணம் எடுத்த கதைக்குப் போனார்கள். அதில் நாங்கள் எல்லாரும் ஒரே டீம். நானும் பனாமாவிலிருந்து தற்காலிகமாகத் திரும்பினேன்.

ஞாயிறு காலை நல்ல மீன் பார்க்கலாம் என்று நண்பன் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனான். ஆழ்கடலுக்குப் போன படகொன்று வந்துகொண்டிருந்தது. அதற்கு மீன் வியாபாரிகள் காத்திருப்பது வழக்கம். ஆனால் அன்று வேலையில்லாத பொடியன்களும் கூட்டமாக நின்றார்கள். படகில் ஒருவன் ஜேர்மனி என்றால் உயிரை விடுகிறவனாம். புதன்கிழமை ஜேர்மனி கொரியாவிடம் தோற்று, 1938க்குப் பிறகு முதன்முறையாக முதற்சுற்றோடு வெளியேறியபோது அவன் நடுக்கடலில். கரையிலிருந்து செட்டில் கேட்டிருக்கிறான். இவர்கள் பொய் சொல்லவில்லை. "ஜேர்மனி, கொரியா, ரெண்டுக்குப் பூச்சியம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து படகில் ஒரே பாட்டாம்.

படகு அணைந்தது. அவன் ஜேர்மனி ஜேர்சியோடு முன்னணியத்தில் நின்றான். உப்பில் அது பாதி வெளுத்திருந்தது. கயிற்றை எறிந்துகொண்டே கேட்டான்:

"ராவைக்கு எங்களுக்கு ஆரோட மேட்ச்?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவன் என் முதுகைத் தள்ளி, "நீங்க சொல்லுங்க அண்ணே, உங்களுக்குத்தான் அனுபவம்" என்றான். படகு முதலாளிக்கு மீன் பழுதாகிவிடும் கவலை.

"முதல்ல சூரையை இறக்கு தம்பி. மறுகா கதைப்பம்."

அவன் இரண்டு மீனை வாலில் பிடித்துத் தூக்கினான். தூக்கியவன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். மீனை மெதுவாகத் திரும்பவும் ஐஸுக்குள் வைத்தான்.

"ரெண்டு ஆருக்குடா?"