வீட்டுவண்டியில் விளக்கணைதல்: விலையும் பழியும் பற்றிய ஓர் ஆய்வு

கட்டில், அடுப்பு, கழிப்பறை மூன்றையும் சுமந்துகொண்டு அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் வண்டிக்கு ஆர்.வி. என்று பெயர், நாம் வீட்டுவண்டி என்போம். அதில் மின்சாரம் நின்றுபோகும்போது உரிமையாளர் எதைச் சந்தேகிக்கிறார், குற்றம் கடைசியில் எங்கே அகப்படுகிறது என்னும் இரண்டையும் ஒப்புநோக்குவதே இவ்வாய்வின் நோக்கம். முடிபைச் சூத்திரமாகவே முதலில் தந்துவிடலாம்: 'ஐயம் விலை மிக்கதன் மேற்று, குற்றம் விலை குறைந்ததன் கண்ணது.' பழி பேட்டரி மீதும் ஏ.சி. மீதும் விழும், குற்றவாளியோ ஒரு பொத்தானாகவோ ஃபியூஸாகவோ தளர்ந்த திருகாணியாகவோ இருக்கும் என்றவாறு.

சூத்திரத்தை நிறுவுமுன் வண்டியின் மின்னியலைச் சுருங்கச் சொல்ல வேண்டும். வீட்டுவண்டிக்குள் ஒன்றல்ல, இரண்டு மின்சாரங்கள் குடியிருக்கின்றன. முகாமில் நட்டிருக்கும் மின்கம்பத்திலிருந்து கேபிள் வழியாக வரும் 120 வோல்ட் மாறுமின்சாரம் ஏ.சி., மைக்ரோவேவ், சுவர்ப் பிளக்குகள் ஆகியவற்றுக்கு உரியது. பேட்டரியின் 12 வோல்ட் நேர்மின்சாரம் விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி ஆகியவற்றுக்கு உரியது. முன்னதைப் பின்னதாக மாற்றிப் பேட்டரிக்கும் ஊட்டும் கருவி கன்வெர்ட்டர். எனவே விளக்கு எரிந்து மைக்ரோவேவ் ஓடாவிட்டால் கோளாறு 120 வோல்ட் பக்கம். மைக்ரோவேவ் ஓடி விளக்கு எரியாவிட்டால் 12 வோல்ட் பக்கம். இவ்வளவு எளிய பகுப்பு இருந்தும் 'எல்லாமே போச்சு' என்பதே முதல் அறிக்கையாக வெளிவருவது ஆய்வாளர் கவனத்துக்கு உரியது.

இனிச் சான்றுகள். சமையலறைப் பிளக்கில் காபி மெஷின் உயிரிழந்தால் மெஷின் குப்பைக்குப் போகிறது. உண்மையில் வண்டியின் வெளிப்புறப் பிளக்கில் மழைநீர் பட்டு, ஏறத்தாழ 5 மில்லியாம்பியர் கசிந்திருக்கும். அந்தக் கசிவைக் கண்டு குளியலறையிலுள்ள கசிவுக்காப்புப் பிளக் துண்டித்திருக்கும். பல வண்டிகளில் குளியலறையின் அந்த ஒரு பொத்தானே சமையலறைக்கும் வெளிப்புறத்துக்கும் காவல். அடுத்து, 30 ஆம்பியர் இணைப்பின் மொத்தக் கொள்ளளவு 3,600 வாட். ஏ.சி. 13 ஆம்பியர், மைக்ரோவேவ் 13, மின்சார வெந்நீர்க் கொதிகலன் 12 என்று இழுத்தால் கூட்டுத்தொகை 38. பிரேக்கர் விழுவது கோளாறன்று, கணக்கு. ஆனால் கூட்டல் தெரியாமை என்னும் இந்தச் செலவில்லாக் காரணத்தை விட்டுவிட்டு முகாம்காரனின் கம்பத்தைத் திட்டுவதே வழக்கமாக இருக்கிறது. மூன்றாவது சான்று இன்னும் வலியது. கேபிள் செருகியிருக்கும்வரை விளக்கு எரிகிறது, பிடுங்கியதும் இருள் என்றால் பேட்டரி செத்தது என்று தீர்ப்பாகி, புதிய பேட்டரி வருகிறது. இருள் அப்படியே நிற்கிறது. இவ்வண்டிகளின் 12 வோல்ட் பக்கத்தில் கறுப்பு வயர் பாஸிட்டிவாகவும் வெள்ளை நெகட்டிவாகவும் இருப்பது பரவலான வழக்கம். காரில் கறுப்பை நெகட்டிவாகக் கண்டு பழகிய கை பழைய பேட்டரியை முன்னொரு நாள் மாற்றி இணைத்த கணத்திலேயே, கன்வெர்ட்டர் பெட்டியில் அதற்கென்றே வைத்த ஃபியூஸ் தன்னைப் பலி கொடுத்திருக்கும்.

'விலையுயர்ந்த பொருள் உண்மையாகவே கெடுவதில்லையோ?' என்று கடாவுவார் உளர். கெடும், அதை மறுக்கவில்லை. ஆயினும் அவர் காட்டும் உதாரணங்களே நம் கட்சிக்கு வந்து சேர்கின்றன. 50 ஆம்பியர் இணைப்பில் தலா 120 வோல்ட் உடைய இரண்டு லைன்களும் ஒரு பொது நியூட்ரலும் உண்டு. நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு லைனில் வோல்ட்டேஜ் ஏறி, மற்றதில் இறங்கி, மைக்ரோவேவும் டி.வி.யும் கருகும். சேதம் ஆயிரக்கணக்கான டாலர். காரணமோ இறுக்காத ஒரு திருகாணி. இன்னொன்று: வீட்டு முற்றத்தில் வண்டிக்கென 30 ஆம்பியர் பிளக் வைக்க வரும் எலெக்ட்ரீஷியன், அதன் உருவம் துணி உலர்த்தியின் பிளக்கை ஒத்திருப்பதால் 120க்குப் பதில் 240 வோல்ட் கொடுத்துவிடுவது பலர் எச்சரிக்கும் தவறு. இங்கே காரணத்தின் விலை சூனியம். ஆக, சேதத்தின் விலையைக் காரணத்தின் விலையென்று மயங்குவதே கடாவுவாரின் பிழை.

'அப்படியாயின் அறிவுள்ளோரும் ஏன் மேலிருந்தே தேடத் தொடங்குகின்றனர்?' என்பது அடுத்த தடை. விடை மானம். 'கன்வெர்ட்டர் அடிவாங்கியிருக்கும்' என்பவர் நிபுணராகத் தோன்றுவார். 'பேட்டரி சுவிட்சை யாரோ அணைத்திருக்கிறார்கள்' என்பவரை நோக்கி 'யார்?' என்ற கேள்வி எழும், அதன் பின் குடும்பத்தில் அமைதி இராது. கதவருகே முழங்கை படும் உயரத்தில் அந்தச் சுவிட்சை அமைத்த தயாரிப்பாளர்களுக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்கத் தேசிய மின்விதித் தொகுப்பு வீட்டுவண்டிகளுக்கென்றே 551ஆம் பிரிவை ஒதுக்கியிருக்கிறது. ஆனால் வயரின் பருமனுக்கு விதி செய்யலாம், மானத்துக்கு எப்படிச் செய்வது?

ஆகவே தேடலை விலையின் ஏறுவரிசையில் நடத்துக என்பதே ஆய்வின் பரிந்துரை. முதலில் பேட்டரி சுவிட்ச், பின் கசிவுக்காப்புப் பொத்தான், வண்டியின் பிரேக்கர், கம்பத்தின் பிரேக்கர், ஃபியூஸ்கள். அதன் பிறகே மல்டிமீட்டர். ஓய்விலிருக்கும் ஈய அமிலப் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.0 காட்டினால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. ஒரேயொரு விதிவிலக்கு உண்டு: பிளக்கில் கருகல் தெரிந்தாலோ, 120 இருக்க வேண்டிய இடத்தில் 140 தெரிந்தாலோ வரிசையெல்லாம் வேண்டாம். கம்பத்தின் பிரேக்கரை அணைத்து, கேபிளைக் கழற்றி, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். மற்றபடி, எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்க்கும்வரை பர்ஸைத் திறக்காதீர்கள்.