இந்தக் காற்றில்தான் ஊர் இருந்தது

மதுரையில் மரபு நடை நடத்துவது பெரிய காரியமில்லை. கோபுரத்தில் தொடங்கி ஆடி வீதி, சித்திரை வீதி, மாசி வீதி என்று சுற்றி, கடைசியில் ஆளுக்கொரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். புதுச்சேரியில் அதுகூட வேண்டாம். ஒரு மஞ்சள் சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துவிட்டால் பாதி வரலாறு முடிந்தது. எங்கள் நெய்வேலிக்கும் அப்படி ஒன்று வேண்டாமா? நிலக்கரி அமைச்சகமே சுரங்கச் சுற்றுலா வளர வேண்டும் என்று ஆசைப்படுகிறது. எங்கள் பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யும் புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகமும் கைகோத்து ஒருநாள் சுற்றுலாவாகச் சுரங்கத்தைக் காட்டத் தொடங்கின. தோண்டிய மண்ணைக் கொட்டிய மேட்டில் மரம், தோண்டிய பள்ளத்தின் தண்ணீரில் படகு.

ஆகவே நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்துக்காரன் என்ற ஒரே தகுதியில், 'நெய்வேலி பழைய நகர மையம்: இரண்டு மணி நேரம்' என்ற திட்டத்தைச் சம்பந்தப்பட்டவர்களின் மேலான பார்வைக்கு வைக்கிறேன். இதில் சிக்கல் ஒன்றுதான். பழைய நெய்வேலி தரையில் இல்லை. அந்தத் தரையே இல்லை.

அதனால் வழிகாட்டிகளுக்குத் தனிப் பயிற்சி தேவைப்படும். மற்ற ஊர் வழிகாட்டி கல்லைக் காட்டுவார், தூணைக் காட்டுவார். எங்கள் வழிகாட்டி காட்சி மேடையில் நின்று, சுரங்கப் பள்ளத்துக்கு மேலே வெறும் வெளியைக் கைகாட்ட வேண்டும். "அதோ ஒரு காக்கா பறக்குது பாருங்க சார், அந்த உசரத்துலதான் ஊரு. அதுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஏரி. வலப்பக்கம், புழுதி சுழலுதே, அங்க அய்யனார் கோயில்." பயணி குனிந்து குழிக்குள் ஊரைத் தேடினால், "கீழே பாக்காதீங்க மேடம், அது கரி. ஊரு மேல" என்று பதமாகத் திருத்த வேண்டும். ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்கும் மேலாக மண்ணை அள்ளிப் போட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்த மண்ணில்தான் வெள்ளையங்குப்பம், தாண்டவன்குப்பம், பெருமாத்தூர் என்ற பெயர்களெல்லாம் போயின. கன்வேயர் பெல்ட்டுக்குப் பெயர் தெரியாது. மேல்மண் என்று ஒரே கணக்கில் எழுதிக்கொள்ளும்.

நடை புறப்படும் இடம் மந்தாரக்குப்பம் கடைத்தெரு, தூரமான இடங்களுக்குச் சுற்றுலா பஸ். வெள்ளை உடுப்பு தவிர்க்கவும். சிமென்ட் சாலையில் வடக்கே பார்த்தால் புகைபோக்கிகள் தெரியும். கோபுர தரிசனம் என்று கும்பிட்டுக்கொள்ளலாம்.

முதல் நிறுத்தம் ஜம்புலிங்க முதலியார். 1930களில் அவருடைய நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதை அதிகாரிகளுக்குத் தெரியப்படுத்தி, பின்னால் 620 ஏக்கர் நிலத்தையும் கொடுத்தவர் என்பது ஊரறிந்த வரலாறு. மரியாதைக்குரிய மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெயரை வழிகாட்டி உரக்கச் சொல்ல வேண்டும், இரண்டு முறை சொல்ல வேண்டும். ஒருவர் மனமுவந்து கொடுத்ததை ஓங்கிச் சொன்னால்தான், மற்றவர்களிடம் நோட்டீஸ் ஒட்டி எடுத்தது பயணிகளின் காதில் விழாது.

இரண்டாவது நிறுத்தம் நகரியத்தின் நுழைவு வளைவான ஆர்ச் கேட். 1956-இல் நிறுவனம் பிறந்ததும், 1957-இல் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்ததும், சோவியத் உதவியோடு 1962-இல் முதல் அனல்மின் நிலையத்தில் மின்சாரம் எடுத்ததும் சொல்லத் தக்கவை. அந்த முதல் அனல்மின் நிலையத்துக்கு 2020-இல் ஓய்வு கொடுத்தார்கள். அதிர்ஷ்டக்கார எந்திரம், நிரந்தரப் பணியில் இருந்தது. வளைவுக்கு உள்ளே எண் போட்ட வட்டங்கள், நிழல் மரங்கள், விளக்கெரியும் அகலச் சாலைகள். உள்ளே படம் எடுக்கலாம். வெளியே படம் எடுத்தால் வெளிச்சம் போதாது என்று கேமராவைக் குறை சொல்லிக்கொள்ளவும்.

ஆர்ச் கேட்டில் அரசியல் வரலாறும் கொஞ்சம் உண்டு. 2006-இல் என்.எல்.சி.யின் 10 சதவீதப் பங்கை விற்கப் போகிறார்கள் என்றதும் தி.மு.க. மத்திய அரசையே மிரட்டி நிறுத்தியது. 2013-இல் 5 சதவீதம் சந்தைக்கு வந்தபோது, வெளியார் கைக்குப் போகக் கூடாது என்று ஜெயலலிதா அரசு தன் பொதுத்துறை நிறுவனங்களை வைத்தே பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது. தமிழன் சொத்தில் ஒரு துண்டுக் காகிதம் வெளியே போய்விடக் கூடாதாம். எவ்வளவு பதைப்பு! ஊர்கள் நூறு சதவீதம் வெளியே போனபோது இதே பதைப்பு எந்த லாக்கரில் இருந்தது என்று வழிகாட்டி கேட்கக் கூடாது. அது பாடத்திட்டத்தில் இல்லை.

மூன்றாவது நிறுத்தத்தை 'வாழும் பாரம்பரியம்' என்று விளம்பரப்படுத்தலாம். ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து வாசலில் உட்கார வைப்போம். பாட்டனுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. நிலம் போனதற்குப் பதிலாக அப்பாவுக்கு வேலை கிடைத்தது, நிரந்தரம்தான். பேரன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு என்.எல்.சி. இன்கோசர்வ் சொசைட்டியில் ஒப்பந்தத் தொழிலாளி. பாட்டன் தோப்பு இருந்த இடத்தைத் தோண்டும் எந்திரத்துக்கு கிரீஸ் போடுகிறான். மூன்று தலைமுறையையும் ஒரே திண்ணையில் பார்க்கலாம், டிக்கெட் தனி. ஆயா ஏதாவது பேச ஆரம்பித்தால் ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போடவும்.

இந்த நடைக்கான வழிகாட்டிகளையும் ஒப்பந்த முறையில்தான் எடுக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். நிலம் இழந்தவர் வாரிசாக இருந்தால் பேச்சில் உயிர் இருக்கும். நிரந்தரம் ஆக்கிவிட்டால் உயிர் போய்விடும்.

தண்ணீர் விஷயத்தில் கவனம் தேவை. இந்த மண்ணுக்கடியில் தண்ணீர் ஒரு காலத்தில் தானாகப் பொங்கி மேலே வந்தது, ஆர்ட்டீசியன் ஊற்று. கரியை வெட்ட வேண்டுமானால் அந்த அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும், அதனால் இரவும் பகலும் இறைக்கிறார்கள். சென்னை தவித்தபோது இங்கேயிருந்து தண்ணீர் போயிருக்கிறது. சுற்றுப்பட்டு விவசாயி மட்டும் போர் போட்டுக்கொண்டே போகிறான், ஆழம் கூடக் கூடக் கடனும் கூடுகிறது. 2023-இல் சூழல் அமைப்பான பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திரமும் சுற்று வட்டாரத்தில் மண்ணையும் நீரையும் சோதித்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வடக்குவெள்ளூரில் நிலத்தடி நீரில் பாதரசம் அனுமதித்த அளவைப் போல 250 மடங்கு என்றது அது. ஆகவே பயணிகளுக்குப் பாட்டில் தண்ணீர். உள்ளூர்ச் சுவையை அனுபவிக்க விரும்புவோர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். உள்ளூர்க்காரர்களிடம் அப்படி யாரும் கையெழுத்து கேட்டதில்லை.

அடுத்து, வழியில் இரண்டாம் அனல்மின் நிலையம். 2020 மே 7-ஆம் தேதியும் ஜூலை 1-ஆம் தேதியும் அங்கே கொதிகலன்கள் வெடித்தன. ஜூலையில் அந்த இடத்திலேயே 6 பேர் செத்தார்கள், அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரியிலிருந்து பிணங்கள் வந்தன. இரண்டு மாதத்துக்குள் இரண்டு தடவை. முதல் தடவை வெடித்தபின் என்ன சரிபார்த்தார்கள்? இந்த இடத்தில் எனக்கு நையாண்டி வரவில்லை. பஸ்ஸை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு போகவும். நிர்வாகமும் அப்படித்தான் போயிற்று.

பருவகாலச் சிறப்புச் சுற்றுலா ஒன்றையும் சேர்த்திருக்கிறேன், சேத்தியாத்தோப்புப் பக்கம், வளையமாதேவிக்கு. 2023 ஜூலை 26. பரவனாற்றைத் திருப்பி விடுவதற்கான வாய்க்கால் வெட்ட, பச்சை நெல்வயலுக்குள் பொக்லைன்களை இறக்கினார்கள். சுற்றிலும் போலீஸ். நிலத்தை 2006 முதல் 2013 வரையிலேயே எடுத்தாயிற்று, பயிர் வைக்காதே என்று சொன்னோமே என்பது நிறுவனத்தின் நியாயம். எடுத்த நிலத்தைப் பத்து வருடம் சும்மா போட்டிருந்தவர்களுக்கு, அறுப்புவரை இரண்டு மாதம் பொறுக்க முடியவில்லை. இரண்டு மாதம் காத்திருக்கக் கூடாதா என்று உயர் நீதிமன்றமே கேட்டது. சோறு தின்கிறவன் எவனும் கேட்கக்கூடிய கேள்விதான். சங்கிலிச் சக்கரத்தின் கீழ் நெல் மடங்கும் சத்தத்தைப் பதிவு செய்து, சுற்றுலா பஸ்ஸில் பின்னணி இசையாகப் போடலாம். அடுத்த இரண்டாவது நாள் ஆர்ச் கேட்டில் பா.ம.க. முற்றுகை, கல்வீச்சு, வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு. அதை ஒலி-ஒளிக் காட்சியாக வைத்துக்கொள்ளலாம், மற்றக் கட்சிக்காரர்களும் பார்வையாளர்களாகத்தான் இருந்தார்கள் என்பதால் இருக்கை ஏற்பாடு சுலபம்.

நிறைவாக வேலுடையான்பட்டு முருகன். பங்குனி உத்திரத்துக்குச் சுற்று வட்டாரமே காவடி எடுத்து வரும். ஊர் போனாலும் சாமி நின்றுவிட்டார். கரிக்கு மேலே குடியிருக்க சாமிக்குக் கிடைத்த சலுகை ஆசாமிக்குக் கிடைக்கவில்லை.

கட்டண விவரம் மட்டும் பாக்கி. பெரியவர்களுக்கு முழுக் கட்டணம், சிறுவர்களுக்குப் பாதி. வழித்தடம் தற்காலிகமானது, சுரங்கம் நகர நகர, புறப்படும் இடம் முன்னறிவிப்பின்றி மாற்றப்படும். நிலம் கொடுத்தவர்களின் வாரிசுகளுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு, அசல் பட்டாவுடன் வர வேண்டும். அசலை எந்த அலுவலகத்தில், எந்த வருடம், எந்த ரூபாய்க்கு வாங்கி வைத்துக்கொண்டீர்கள் என்று கேட்பவர்களுக்குத் தள்ளுபடி கிடையாது.